வலது பக்கம் நிற்பவள்

செப்டம்பர் 5, வியாழன்

இன்று காலை காடாற்றிப் பால் தெளித்துவிட்டு வந்தோம். சௌந்தரம் போய் மூன்றாம் நாள். செவ்வாய்க்கிழமை காலை அடுப்படியில் உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். டாக்டருக்கு வேலையே இருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியம் 18ஆம் தேதி, புதன். அதற்குள் சட்டம் போட்டு மாட்ட ஒரு படம் வேண்டும்.

என் மனைவிக்கு ஒரு படம்கூட இல்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. கேமராவைக் கண்டால் ஏதாவது பாத்திரம் கழுவப் போய்விடுவாள். ஆதார் அட்டையில் இருக்கிறாள். அதைப் பெரிதாக்கி மாட்டினால் போலீஸ் தேடுகிற ஆள் என்று நினைப்பார்கள். ரேஷன் அட்டையில் மூக்கு மட்டும் தெளிவாக இருக்கிறது. அவள் தம்பி குருநாதன் காரியம் முடியும்வரை இங்கேதான் தங்கியிருக்கிறான். போனைத் தடவித் தடவி மத்தியானம் ஒரு படத்தைக் கண்டுபிடித்தான். 2013இல் அவன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் எடுத்தது. மாம்பழ நிறப் பட்டு கட்டிக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, பல் தெரியச் சிரிக்கிறாள். முப்பத்தாறு வருடம் கூட இருந்தவன், எனக்கே இந்தச் சிரிப்பு புதிதாக இருக்கிறது.

படத்தில் வலது பக்கம் இன்னொருத்தி நிற்கிறாள். அவளை எடுத்துவிட வேண்டும்.

“அல்போன்ஸ் ஸ்டுடியோல குடுத்தா அஞ்சு நிமிச வேலை மாமா” என்றான் குருநாதன்.

அல்போன்ஸிடம் போகமாட்டேன் என்றேன். நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருடம் வரைவாளராக இருந்தவன் நான். நூலளவு பிசகாமல் நில எல்லை காட்டும் புலப்படம் போட்ட கை. ஒரு ஆளைப் படத்திலிருந்து பிரிப்பது என்ன பெரிய வித்தை, நானே செய்துகொள்கிறேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

கம்ப்யூட்டர் வேண்டுமே என்று யோசித்தபோது பீரோ ஞாபகம் வந்தது. சௌந்தரத்தின் சேலைகளுக்கு அடியில், காலேஜில் கொடுத்த அரசாங்க இலவச லேப்டாப் இருந்தது. வயரைச் சுருட்டி ஒரு பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தது. ஒன்பது வருடமாக யாரும் தொடாத பொருள் என்றுதான் நினைத்திருந்தேன். திறந்தால் சார்ஜ் முழுதாக இருக்கிறது. இந்த வீட்டில் இருந்தவர்கள் இரண்டே பேர். நான் சார்ஜ் போடவில்லை.

எனக்கு வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். மென்பொருள் இலவசமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு படத்துக்காகக் காசு கொடுத்து வாங்கினால் சௌந்தரம் எழுந்து வந்து திட்டுவாள். இந்தக் கிழட்டு இயந்திரத்தில் ஓட வேண்டும். ஒன்றுமே தெரியாதவனுக்கும் பிடிபட வேண்டும். பகல் முழுக்க வீடியோ பார்த்தேன். “வணக்கம் நண்பர்களே” என்று ஆரம்பித்து, விஷயத்துக்கு வருவதற்குள் காபி ஆறிவிடுகிறது. இரண்டு மென்பொருள் மிஞ்சின. ஒன்று போட்டோபியா, பிரவுசரிலேயே திறந்துகொள்ளலாம், எதையும் நிறுவ வேண்டியதில்லை. இன்னொன்று ஜிம்ப், நிறுவிக்கொள்ள வேண்டும், கற்றுக்கொள்ளக் கொஞ்சம் நாளாகும், ஆனால் நெட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். இரண்டுக்கும் முன்னால், போனிலேயே விரலால் வட்டம் போட்டால் ஆள் மறைந்துவிடும் என்கிறார்கள். சுலபமானதை முதலில் பார்த்துவிடுகிறேன்.

படிப்பவர் யாரும் இல்லை என்றாலும் எழுதி வைக்கிறேன். வலது பக்கம் நிற்பவள் என் மகள். மகளாக இருந்தவள். 2015இல் தன் இஷ்டத்துக்கு, நம் ஆட்கள் அல்லாத இடத்தில் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அந்த மார்ச் மாதம் 11ஆம் தேதியோடு அவள் கணக்கை முடித்துவிட்டேன்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. தீட்டு வீடு என்பதால் யாரும் கொழுக்கட்டை கொண்டுவரவில்லை. தெருவில் பிள்ளையாரை வைத்து மைக் கட்டியிருக்கிறார்கள்.

போனில் அந்தச் செயலியைப் போட்டு, வலது பக்கம் நிற்பவளைச் சுற்றி விரலால் வட்டம் வரைந்தேன். இரண்டு நொடியில் மறைந்துவிட்டாள். அவள் இருந்த இடத்தில் என்ன வர வேண்டும் என்று அதுவே யோசித்து நிரப்பிக்கொள்கிறது. பக்கத்தில் இருப்பதை எடுத்துத்தான் நிரப்புமாம். பக்கத்தில் இருந்தது சௌந்தரம். அதனால் சௌந்தரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாதிச் சௌந்தரம் வந்து நின்றாள். கன்னம் இருக்கிறது, காது இருக்கிறது, கண் இருக்கவேண்டிய இடத்தில் தோல் மூடியிருக்கிறது.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். பயந்துவிட்டேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

குருநாதன் இன்று வாயைத் திறந்தான். நாலு நாளாக அவன் தொண்டையில் இருந்தது எனக்கும் தெரியும்.

“பதினாறுக்காவது நித்யாவ வரச் சொல்லலாம்ல மாமா. ஒரு பூவைப் போட்டுட்டுப் போயிரட்டும்.”

“எந்த நித்யா?”

“மாமா.”

“செத்தவங்களுக்குக் காரியம் பண்ணியாச்சு. காரியம் பண்ணுனவங்க வீட்டுக்கு வரமாட்டாங்க.”

செவ்வாய்க்கிழமை அன்றைக்கும் இதையேதான் சொன்னேன். சௌந்தரத்தை எடுப்பதற்கு முன்னால் அவன் ஓடி வந்து, “தெருமுக்குல, தண்ணித்தொட்டிகிட்ட நிக்கிது மாமா, கூட்டிட்டு வரவா?” என்றான். இல்லாதவளுக்கு எதற்கு வழி என்றேன். பிறகு சட்டியை ஏந்திக்கொண்டு பாடைக்கு முன்னால் நடந்தேன். நேராகத்தான் பார்த்து நடந்தேன். அவள் நீலச் சேலை கட்டியிருந்தாள். புருஷன்காரன் இரண்டடி தள்ளி நின்றான். ஏழெட்டு வயதில் ஒரு பெண் குழந்தை அவள் விரலைப் பிடித்திருந்தது. குழந்தைக்குச் சௌந்தரத்தின் நெற்றி.

செப்டம்பர் 9, திங்கள்

ஜிம்பை நிறுவினேன். இயந்திரம் மூச்சு வாங்குகிறது, ஆனால் ஓடுகிறது.

இதில் அடுக்குகள் என்று ஒன்று இருக்கிறது. எனக்கு உடனே பிடித்துப்போனது. நாங்கள் புலப்படத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து வரைவோமே, அதேதான். அடியில் மூலப்படம் பத்திரமாக இருக்கும், மேல்தாளில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். முப்பத்து மூன்று வருடம் செய்த வேலையை இவர்கள் இலவசமாகக் கொடுக்கிறார்கள். சௌந்தரத்தைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழுந்துவிட்டேன். அடுப்படி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

போனது தெரியாமல் ஒரு காலைப்பொழுது போய்விட்டது. மேல் அடுக்கில் அழிப்பானை எடுத்துக்கொண்டு வலது பக்கம் நிற்பவளைத் தலையிலிருந்து அழித்துக்கொண்டு வந்தேன். அழிக்கிறேன், அப்படியே இருக்கிறாள். அழிப்பானைப் பெரிதாக்கினேன். முகத்தின் மேலேயே வைத்துத் தேய்த்தேன். என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். மவுஸ் கெட்டுவிட்டது என்று துடைத்தேன். சௌந்தரத்தின் தோள் பக்கம் தேய்த்துப் பார்த்தேன். அதுவும் அழியவில்லை.

பிறகுதான் வீடியோவில் ஒருவர் சொன்னார். புதியவர்கள் எல்லோரும் செய்கிற தப்பாம். படத்தை நகல் எடுத்து மேலே வைத்து அதை அழிக்கிறோம். அடியில் அதே படம் இருக்கிறது. மேலே இருப்பவளை அழித்தால் கீழே இருப்பவள் தெரிகிறாள். இரண்டும் ஒரே ஆள் என்பதால் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கிறது. மேலடுக்கை மட்டும் காட்டச் சொன்னபோது அது பாதி வெறுமையாகக் கிடந்தது. இரண்டு மணி நேரமாக அவளைத்தான் அழித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடியில் இருப்பதை மறைக்க ஒரு கண் குறி இருக்கிறது. அதை அழுத்தினால் மறைவாள், திரும்ப அழுத்தினால் வருவாள். நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தேன்.

செப்டம்பர் 11, புதன்

ஒன்றும் செய்யவில்லை. மழை.

செப்டம்பர் 12, வியாழன்

குளோன் என்ற கருவி. ஓரிடத்தைக் காட்டிவிட்டு இன்னோரிடத்தில் தடவினால், காட்டிய இடம் அங்கே அச்சாகும். பின்னால் இருக்கிற மஞ்சள் சுவரைக் காட்டிவிட்டு அவள்மேல் தடவினேன். அருமையாக வேலை செய்தது. அவள் கழுத்து, தோள், தாவணி எல்லாம் சுவராகிக்கொண்டே வந்தன. எனக்கே கொஞ்சம் பெருமை. கவனிக்காமல் கையை நகர்த்திக்கொண்டே போய்விட்டேன். நாம் தடவத் தடவ, காட்டிய இடமும் கூடவே நகருமாம். அது நகர்ந்து நகர்ந்து அவள் முகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் பார்த்தபோது சுவரின் மேல்மூலையில், மாவிலைத் தோரணத்துக்குக் கீழே, ஒரு கண்ணும் பாதிப் புருவமும் இருந்தன.

நான் அந்தப் பக்கம் தடவியது தற்செயல்தான். அது அவள் கண் என்பதும் சந்தேகமில்லை. புருவத்தின் முனையில் அந்த வெட்டுத் தழும்பு இருக்கிறது. நாலு வயதில் அம்மிக்கல்லில் விழுந்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான். தையல் போடும்போது என் சட்டைப் பொத்தானைப் பிடித்துப் பிய்த்துவிட்டாள்.

கண்ட்ரோல் இசட் அழுத்தினால் போய்விடும். அழுத்திவிட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு அழுத்தினேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

முடிந்துவிட்டது என்று எழுத ஆசை. வலது பக்கம் இப்போது வெறும் மஞ்சள் சுவர். வெட்டுக்கோடு எங்கே என்று ஸ்டுடியோக்காரனாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கை இருக்கிறது.

அவள் சௌந்தரத்தின் கழுத்துக்குப் பின்னால் கையைப் போட்டு, அந்தப் பக்கத்துத் தோளைப் பிடித்திருந்தாள். ஆளை எடுத்தாயிற்று, கழுத்துக்குப் பின்னால் போகிற கை தெரியாது. அந்தப் பக்கத் தோளில் நான்கு விரல்கள் மட்டும் நிற்கின்றன. மோதிர விரலில் சிவப்புக் கல். சுவர் என்றால் சுலபம், ஒரே நிறம். விரல்கள் பட்டுச்சேலையின் கரைமேல் இருக்கின்றன. கரையின் மடிப்பு, ஜரிகை, இறுக்கிப் பிடித்ததில் துணியில் விழுந்த சுருக்கம். விரலை எடுத்தால் சுருக்கம் நிற்கிறது. சுருக்கத்தை எடுத்தால் தோள் உடைந்ததுபோல் ஆகிவிடுகிறது. ஒன்பது தடவை செய்து பார்த்தேன்.

பக்கத்து வீட்டு மங்களம் சாயங்காலம் இட்லி கொண்டுவந்தாள். திரையைப் பார்த்து, தட்டை வைக்காமலே நின்றாள்.

“யாருண்ணே அது, அக்கா தோளப் புடிச்சிருக்கிறது?”

“யாரும் இல்லம்மா.”

“பின்னாடி யாரோ நிக்கிற மாதிரியே இருக்குண்ணே” என்று சொல்லிவிட்டு நெற்றியில் விபூதி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு போனாள். அவள் போன பிறகு நானும் சௌந்தரத்தின் பின்னால் இருக்கிற சுவரை ரொம்ப நேரம் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. அந்தச் சுவரைச் செய்ததே நான்தான். தலையைச் சாய்த்து அவள் எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பதும் இப்போது தெரியவில்லை.

செப்டம்பர் 14, சனி

“அக்கா போன்லயே ஏதோ போட்டோ பண்றது வச்சிருந்துச்சு மாமா, அதுல பாருங்க” என்று குருநாதன் சொன்னான். சௌந்தரத்துக்குப் போனில் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் தவிர ஒன்றும் தெரியாது என்று நினைத்திருந்தவன் நான்.

அவளுக்கு டைப் அடிக்க வராது. மைக்கை அழுத்திப் பேசித் தேடியிருக்கிறாள். பேசியதெல்லாம் எழுத்தாக வரிசையாக நிற்கிறது.

போட்டாவுல ரெண்டு பேர சேக்கிறது எப்புடி.

காசு இல்லாம போட்டா சேக்கிறது.

புதுசா கத்துக்கிறவங்களுக்கு போட்டா ஒட்டுறது.

தலை பெருசா வருது என்ன பண்ண.

படங்கள் இருக்கும் இடத்தைத் திறந்தேன். ஒரே படம் இருபத்து மூன்று தடவை. பதிவாளர் அலுவலக வாசலில் நித்யகலாவும் அவள் புருஷனும் மாலையோடு நிற்கிறார்கள். பக்கத்தில் நானும் சௌந்தரமும்.

நான் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. அங்கே நிற்கிற நான், 2019இல் பணி ஓய்வு விழாவில் எடுத்த நான். ஆபீஸில் போட்ட ரோஜா மாலையோடு என்னை வெட்டி எடுத்து அங்கே நிறுத்தியிருக்கிறாள். முதல் படத்தில் என் தலை பூசணிக்காய் அளவுக்கு இருக்கிறது. நாலாவதில் எனக்குக் கால் இல்லை. பத்தாவதில் கால் வந்துவிட்டது, ஆனால் தரையில் படாமல் அரையடி மேலே நிற்கிறேன். பதினேழில் தரையில் நிற்கிறேன். இருபத்து மூன்றாவது படத்தைத் தெரியாதவர்கள் பார்த்தால் நம்பிவிடுவார்கள். ஓரமெல்லாம் ரம்பப்பல்லாக இருக்கிறது, நிழல் தப்பான பக்கம் விழுகிறது. ஆனாலும் என் ஓய்வு மாலை கல்யாணத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பெண்ணைக் கொடுத்த தகப்பன் எங்கே நிற்க வேண்டுமோ சரியாக அங்கே நிறுத்தியிருக்கிறாள்.

தன்னை எந்தப் படத்திலிருந்து எடுத்தாள் என்று பார்த்தேன். மாம்பழ நிறப் பட்டு, அதே கிரகப்பிரவேசப் படம். தோளில் நான்கு விரல்கள். தெரியாமல் விட்டுவிட்டாள் என்று முதலில் நினைத்தேன். இருபத்து மூன்று படத்திலும் விரல்கள் இருக்கின்றன.

கடைசிப் படம் ‘கேஸ் ஏஜென்சி’ என்று பதிந்து வைத்த எண்ணுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. கேஸ் ஏஜென்சியிடம் இவள் தினமும் மத்தியானம் அப்படி என்னதான் பேசுகிறாள் என்று நான் கேட்டிருக்கிறேன். “சிலிண்டர் வர லேட்டாகுதாம்” என்பாள். ஒன்பது வருடம் நம்பினேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

விரல்களோடு இன்றும் காலையிலிருந்து மல்லுக்கட்டினேன். குருநாதன் காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

“எதுக்கு மாமா இந்தப் பாடு? ரெண்டு பேரையும் அப்பிடியே விட்டு மாட்டுங்க.”

“அதெப்பிடி மாட்டுறது?”

“ஏன், என்ன இப்ப? உங்க கணக்குல ரெண்டு பேருமே செத்தவங்கதான? ஒரே சட்டம், ஒரே மாலை. ரெண்டு பேர் நெத்தியிலயும் பொட்டு வச்சிருவோம். முடிஞ்சுச்சு.”

“வாய மூடுறா! உசுரோட இருக்க புள்ளைக்கு எவனாவது மாலை போடுவானாடா?”

நான்தான் கத்தினேன். வாசலில் போன ஆள் நின்று பார்த்துவிட்டுப் போனார். குருநாதன் டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான். அங்கே அவன் அழுதது கேட்டது.

மாலை போட்டவன் ஒருவன் இருக்கிறான். அதை இன்று எழுதிவிடுகிறேன். 2015 மார்ச் 11. பீரோவில் இருந்து அவளுடைய பிளஸ் டூ படத்தை எடுத்து, அல்போன்ஸிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணீர் அஞ்சலி என்று மேலே போடச் சொன்னேன். மாலையும் விளக்கும் வைக்கச் சொன்னேன். தோற்றம் என்று அவள் பிறந்த தேதி, மறைவு என்று அவள் கல்யாணத் தேதி. நூற்றைம்பது சுவரொட்டி. பஸ் ஸ்டாண்ட், ரேஷன் கடை, அவள் படித்த பள்ளிக்கூடத்துச் சுவர். சௌந்தரம் மூன்று நாள் சாப்பிடவில்லை. அப்புறம் எழுந்து சமைத்தாள், எனக்குப் பரிமாறினாள், அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காததை நான் என் பக்கம் நியாயம் இருப்பதாக எடுத்துக்கொண்டேன்.

அவள் முகம் எதிலும் அகப்படாமல் இருக்க, வீட்டில் இருந்த ஆல்பங்களையும் அந்த வாரமே எரித்தேன். சௌந்தரத்துக்குப் படமே இல்லாமல் போனது அதனால்தான். அவள் பாத்திரம் கழுவப் போனதால் அல்ல.

செப்டம்பர் 16, திங்கள்

ஊர் வழக்கப்படி காரியத்துக்குச் சுவரொட்டி ஒட்ட வேண்டும். படத்துக்குக் கீழே ‘துயரத்துடன்’ என்று போட்டுக் குடும்பத்தார் பெயர் வரிசையாக வரும். கணவர், பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள். உயிரோடு இருக்கிறவர்கள் பெயர் மட்டும்தான் அங்கே வரும். காலையில் தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன். கணவர், தண்டாயுதம் என்று எழுதினேன். அடுத்த வரியில் நின்றுவிட்டேன். அவள் புருஷன் பெயர் எனக்குத் தெரியாது.

எண் சௌந்தரத்தின் போனில்தான் இருக்கிறது. அதிலிருந்தே கூப்பிட்டேன். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டாள். மூச்சு மட்டும் கேட்டது.

“அம்மா?” என்றாள்.

செத்த அம்மாவின் பெயர் அவள் திரையில் வந்திருக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தோன்றியது. இதையும் அவளுக்குச் செய்துவிட்டேன்.

“நாந்தான்” என்றேன்.

போனை வைத்துவிடுவாள் என்று பயந்து வேகமாகக் கேட்டேன். “மாப்பிள்ளை பேரு என்னன்னு போடணும்?”

“எதுல?”

“அம்மாவுக்குப் போஸ்டர் அடிக்கிறேன். கீழ பேரு போடணும்ல. இனிசியலோட சொல்லு.”

“கா. இளம்பரிதி” என்றாள். எழுதிக்கொண்டேன்.

“கொழந்தை?”

“மகிழ்நிலா.” அப்புறம், “எம் பேரும் வருமாப்பா?” என்று கேட்டாள்.

“உம் பேருதான் முதல்ல வருது. எனக்கு அடுத்து.”

புதன்கிழமை வா என்று சொல்ல வாய் வந்தது. எந்த உரிமையில் சொல்வது என்று தெரியவில்லை. பன்னிரண்டு மணிக்குள் படையல் என்று மட்டும் சொன்னேன். “பாக்குறேன்” என்று வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

படத்தைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு அல்போன்ஸ் ஸ்டுடியோவுக்குப் போனேன். ஒன்பது வருடம் கழித்து. தலை நரைத்திருக்கிறான். “உக்காருங்க சார்” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

பார்டருக்காகப் பழைய ஃபைல் ஒன்றைத் திறந்தான். திரையில் நித்யகலா வந்தாள். பிளஸ் டூ சீருடை, இரட்டைச் சடை, கழுத்தில் மாலை. அல்போன்ஸ் பதறிப்போய் மூடினான். “மன்னிச்சுருங்க சார், உங்க பேர்ல தேடுனேன், அதான் வந்துருச்சு.”

திரும்பத் திறக்கச் சொன்னேன். பார்க்க வேண்டியவன் நான்தானே.

“இந்த மாலைய எங்க எடுத்த?”

“எல்லாருக்கும் இதே மாலைதான் சார். வெட்டி வச்சிருக்கோம், தூக்கிப் போட்டுக்குவோம்.”

ஒரே மாலை. இந்த ஊரில் செத்தவர்கள் எல்லோருக்கும் போட்ட மாலையை என் பிள்ளைக்கும் போட்டிருக்கிறேன். அழித்துவிடு என்றேன். அழித்தான். “என்கிட்ட இல்ல சார் இனிமே. ஆனா அப்பவே எத்தனையோ பேர் போன்ல படம் புடிச்சு அனுப்புனாங்க. அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றான். எந்த மென்பொருளாலும் முடியாது என்பது எனக்கும் தெரியும்.

நான் செய்த படத்தைத் திறந்து கிட்டப்போய்ப் பார்த்தான். “சுத்தமா எடுத்திருக்கீங்க சார். என்ன சாஃப்ட்வேர்?” ஜிம்ப் என்றேன். “தோள்ல மட்டும் விரல் இருக்கே. ரெண்டு நிமிசம் குடுங்க, எடுத்துர்றேன்” என்று மவுஸை நகர்த்தினான். அவன் கையைப் பிடித்துவிட்டேன்.

“இருக்கட்டும்.”

பெயர்களைப் படித்தான். மகள் என்ற இடத்தில் நின்று என் முகத்தைப் பார்த்தான். பிறகு டைப் அடித்தான்.

“எத்தனை சார்?”

“போன தடவை நூத்தம்பது.”

“ஆமா சார்.”

“அதே நூத்தம்பது போடு. போன தடவை எங்கெங்க ஒட்டுனீங்களோ அங்கயெல்லாம் ஒட்டச் சொல்லு. பள்ளிக்கூடத்துச் செவுத்தையும் விடாத.”

செப்டம்பர் 18, புதன்

காரியம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு எழுதுகிறேன். பக்கத்து அறையில் பேச்சுக் குரல் கேட்கிறது.

பத்து மணியிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தார்கள். சுவரொட்டியைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் வந்திருக்கிறார்கள் என்பது முகத்தில் தெரிந்தது. என் பெரியப்பா மகன் உள்ளே வராமல் வாசலோடு திரும்பிப் போனார். போகட்டும் என்றிருந்தேன். சட்டத்தில் சௌந்தரத்துக்கு மாலை போட்டபோது தோளில் இருந்த விரல்கள் மாலைக்கு வெளியே தெரிகிறமாதிரி ஒதுக்கிவிட்டேன். பதினொன்றே காலுக்குக் குருநாதன் ஓடி வந்தான்.

“பஸ் ஸ்டாண்டு செவுத்துகிட்ட நிக்கிது மாமா. அரைமணி நேரமா அங்கயே நிக்கிதாம். போய்க் கூட்டிட்டு வரவா?”

“நீ இரு. நான் போறேன்.”

சட்டை போடாமல், துண்டோடு, காரியத்துக்கு உட்கார்ந்த கோலத்திலேயே கடைவீதி வழியாக நடந்தேன். டீக்கடையில் பேச்சு நின்றது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளையும் குழந்தையும் நிழலில் நின்றார்கள். நான் பக்கத்தில் போய் நின்றும் அவள் திரும்பவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சௌந்தரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“இந்தப் படத்துல நானும் இருந்தேன்” என்றாள்.

“இருந்த. நாந்தான் எடுத்தேன்.”

கிட்டப்போய், தாளின்மேல் அந்த விரல்களைத் தொட்டாள். “எங் கையி இருக்கே.”

“பத்து நாளாப் பாத்தேன்மா” என்றேன். “அத எடுக்க எனக்கு வரல.”

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குழந்தை வந்து நடுவில் நின்றது. படையலுக்கு நேரமாகிறது, நடங்கள் என்றேன். மாப்பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.